பொன்னியின் செல்வனும் தலைநகர்த் தமிழரும்

1950 அக்டோபரில் 'கல்கி' இதழில் தொடங்கி, 1954-இல் நிறைவுற்றது பொன்னியின் செல்வன். அன்னையார் தைத்துக் கட்டிய அவ்விதழ்ப் பக்கங்களுடனேயே நாம் தில்லிக்கு வந்தோம்.

1958-இல் எம்.ஜி.ஆர். அறிவித்தும் கைகூடாத படத்தை, மணிரத்னம் 2022, 2023 ஆண்டுகளில் இரு பாகங்களாக எடுத்து முடித்தார். படம் பார்த்துத் திரும்புகையில், தமிழ் பேசினும் எழுத்தறியாத நம் பிள்ளைகள், "ஆதித்த கரிகாலனை உண்மையில் கொன்றவர் யார்?" என்று வினவினர்.

கதை தொடங்கும் வீரநாராயண ஏரியின் அருகிலுள்ள உடையார்குடிக் கல்வெட்டு, ரவிதாசன் முதலிய உடன்பிறந்தாரைத் துரோகிகள் என்கிறது. கல்கியோ ஐயத்தைத் தீர்க்காமலே விட்டார். "நூலில் தேடுங்கள்" என்றோம்.

எழுத்துக் கூட்டிப் படிக்கும் அவர்கள் முதல் அத்தியாயத்தை இன்னும் கடக்கவில்லை; எனினும், தைத்த ஏடுகள் மீண்டும் திறந்துவிட்டன.