மாதிரிப் பொறியியலும் அதன் சங்கங்களும்

மாதிரிப் பொறியியல் என்பது நீராவி எஞ்சின், ரயில் எஞ்சின், பெட்ரோல் எஞ்சின், கடிகாரம் போன்றவற்றைச் சிறிய அளவில் உலோகத்தில் செய்து, அசலைப் போலவே ஓட்டிப் பார்க்கும் பொழுதுபோக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து அழகு பார்க்கும் பொம்மைக்கு இதில் இடமில்லை. அசலில் நிலக்கரி எரிந்தால் சிறியதிலும் நிலக்கரி எரிய வேண்டும், பிஸ்டன் நகர வேண்டும், சக்கரம் சுமையை இழுக்க வேண்டும். பிரிட்டனில் உருப்பெற்ற இந்தப் பழக்கம் அமெரிக்கா, ஆஸ்திரேலியா வரை பரவியது. இந்தியாவில் தனி ஆட்களின் கைவேலையாகவே பெரும்பாலும் நின்றது.

முன்வரலாறு

சிறிய எஞ்சின் செய்வதிலுள்ள சிக்கல் இந்தப் பொழுதுபோக்கை விடப் பழையது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த, நியூகமன் என்பவர் உருவாக்கிய பழைய வகை நீராவி எஞ்சினின் மாதிரி ஒன்று இருந்தது. 1763-64 குளிர்காலத்தில் அதைப் பழுதுபார்க்க ஜேம்ஸ் வாட்டிடம் கொடுத்தார்கள். கொதிகலன் போதுமானதாகத் தெரிந்தும் சில அடிகளுக்குப் பிறகு எஞ்சின் நின்றுவிட்டது. உருளை ஒவ்வொரு அடிக்கும் சூடேறிக் குளிர்ந்ததில் நீராவியின் பெரும்பகுதி வீணானதை வாட் கண்டுகொண்டார். நீராவியை உருளைக்கு வெளியே வேறொரு கலனில் குளிர்விக்கும் தனி ஒடுக்கி அமைப்பு 1765 இல் அவருக்குத் தோன்றியது இதிலிருந்துதான்.

சிறிய எஞ்சின் இப்படி நின்றுபோகக் காரணம் எளிய கணக்கு. ஒரு எஞ்சினை 16-இல் ஒரு பங்காகக் குறைத்தால் அதன் பரப்பு 256-இல் ஒரு பங்காகும், கொள்ளளவோ 4096-இல் ஒரு பங்காகிவிடும். வெப்பம் வெளியேறுவது பரப்பு வழியே. ஆகவே உள்ளே இருக்கும் நீராவியின் அளவோடு ஒப்பிட்டால் சிறிய எஞ்சின் 16 மடங்கு பரப்பைச் சுமக்கிறது. வரைபடத்தை அப்படியே சுருக்கிச் செய்த எஞ்சின் பெரும்பாலும் மூச்சு வாங்கி நின்றுவிடும். எதைச் சுருக்குவது, எதைத் தடிமனாக விடுவது என்று செய்பவரே முடிவெடுக்க வேண்டும். இந்தக் கலையின் பாதி அந்த முடிவுகளில்தான் இருக்கிறது.

இந்தியாவில் இந்தக் கைவேலைக்கு ஒரு முன்னோடி உண்டு. கல்கத்தாவுக்கு அருகே சேராம்பூரில் காகித ஆலைக்காக 1820 இல் ஒரு நீராவி எஞ்சின் இங்கிலாந்திலிருந்து வந்தது. அதைப் பார்த்து, டிட்டாகர் ஊரைச் சேர்ந்த கொல்லர் கோலக் சந்திரா வெள்ளைக்காரர் உதவி இல்லாமல் ஒரு எஞ்சின் செய்து, 1828 இல் கல்கத்தாவில் நடந்த வேளாண் தோட்டக்கலைச் சங்கக் கண்காட்சியில் வைத்தார். பரிசு 50 ரூபாய். பொறியியல் வரலாற்று நூல்களில் அவருக்குக் கிடைத்திருக்கும் இடம் அந்த ஐம்பது ரூபாயை விடச் சிறியது என்றே சொல்லத் தோன்றுகிறது.

1898

புதுச்சேரியில் மக்கள் ரோடியர் மில் என்று அழைத்த பஞ்சாலை தொடங்கிய அதே 1898 இல், லண்டனில் பெர்சிவல் மார்ஷல் என்பவர் 'மாடல் எஞ்சினியர்' இதழைத் தொடங்கினார். வீட்டில் சின்ன லேத் வைத்திருந்தவர்கள், மின்சாரத்தில் ஆர்வம் கொண்ட குமாஸ்தாக்கள், ஆலைத் தொழிலாளிகள் என்று எதிர்பாராத கூட்டம் அதை வாங்கியது. அதே ஆண்டில் வாசகர்கள் கூடி மாதிரிப் பொறியாளர் சங்கத்தை லண்டனில் அமைத்தார்கள். இதழின் பெயரில் நடந்த கண்காட்சி 1907 இல் தொடங்கியது.

1899 இல் நார்த்தாம்டனில் பாசட்-லோக் கம்பெனி மாதிரி ரயில்களையும் உதிரி பாகங்களையும் தபாலில் விற்கத் தொடங்கியது. அந்தக் காலத்துச் சின்ன ரயில் எஞ்சின்களில் பெரும்பாலானவை எரிசாராயத்தில் ஓடின. நிலக்கரியை இவ்வளவு சிறிய உலையில் எரிக்க முடியாது என்பது பலரின் முடிவு. அதை மறுத்தவர் 'எல்.பி.எஸ்.சி.' என்ற புனைபெயரில் எழுதிய லாரன்ஸ். அந்த எழுத்துகள் அவர் முன்பு வேலை பார்த்த லண்டன்-பிரைட்டன் ரயில் கம்பெனியின் சுருக்கம். 1924 இல் கண்காட்சியில் இரு தரப்பு எஞ்சின்களும் நேருக்கு நேர் நிறுத்தப்பட்டன. லாரன்ஸின் 'ஆயிஷா' இரண்டரை அங்குல இடைவெளியுள்ள தண்டவாளத்தில் நிலக்கரியில் ஓடி, வளர்ந்த ஆளையே இழுத்தது. சிறிய எஞ்சினில் நிலக்கரியா என்ற கேள்விக்கு அத்தோடு விடை கிடைத்தது.

பிறகு 1967 இல் இறக்கும் காலம் வரை அவர் எழுதிய எழுத்து இந்தப் பொழுதுபோக்கின் பள்ளிக்கூடம். இந்தத் துளையை இந்த அளவில் போடு, பிறகு இப்படித் திருகு மரை வெட்டு என்று பட்டறையில் பக்கத்தில் நின்று சொல்வது போல எழுதினார். லேத்தைத் தொட்டிராதவர்களும் அதைப் படித்து எஞ்சின் முடித்தார்கள். 1946 இல் மைஃபோர்டு கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்த எம்.எல்.7 லேத், வீட்டுக் கொட்டகைக்குள் அடங்கும் அளவில் இருந்ததால் பல நாடுகளில் இவர்களின் அடையாளமாகவே ஆனது. நாட்டிங்காம் பக்கத்துப் பீஸ்டனில் இருந்த அந்தத் தொழிற்சாலை 2011 இல் மூடப்பட்டது. மலிவான சீன லேத்துகள் அதற்கு முன்பே வந்து சேர்ந்திருந்தன.

புகழ்பெற்றவர்களும் உண்டு. வால்ட் டிஸ்னி 1950 இல் தன் வீட்டுத் தோட்டத்தில் ஏழேகால் அங்குலத் தண்டவாளம் போட்டு, 'லில்லி பெல்' என்ற நீராவி எஞ்சினை ஓட்டினார். கைவேலையின் உச்சம் என்று இத்துறையினர் மதிப்பது செர்ரி ஹில் என்ற ஆங்கிலேயப் பெண்மணியின் படைப்புகளை. நீராவி உழவு எஞ்சின், சாலை எஞ்சின் ஆகியவற்றின் அபூர்வ வகைகளை 16-இல் ஒரு பங்கு அளவில் செய்து, எடின்பரோ கோமகன் பெயரிலான பரிசை ஒன்பது முறை வென்றார்.

சங்கம் எதற்கு

எஞ்சினைத் தனியாகச் செய்யலாம். தனியாக ஓட்டுவது கடினம். மூன்றரை, ஐந்து அங்குலத் தண்டவாளங்களை இடுப்புக்குக் கீழான உயரத்தில் தூண்கள் மேல் நிறுத்தி, ஓட்டுபவர் இருபுறமும் காலைத் தொங்கவிட்டு அமர்வது வழக்கம். அப்படி ஒரு வளையப் பாதைக்கு நிலம் வேண்டும். சங்கங்கள் பூங்காவில் ஓர் ஓரத்தை நகராட்சியிடம் வாங்கிப் பாதை போட்டு, விடுமுறை நாட்களில் பிள்ளைகளை ஏற்றிச் சென்று, கிடைக்கும் காசில் தண்டவாளத்தைப் பராமரிக்கின்றன.

பெரிய காரணம் கொதிகலன். செப்புத் தகட்டை வளைத்து, தட்டார் நகைக்குப் பற்றவைப்பது போல வெள்ளிக் கலவையால் இணைத்துச் செய்யும் கலன் அது. சதுர அங்குலத்துக்கு 80, 100 பவுண்டு அழுத்தத்தில் ஓட்டுபவரின் மடிக்கு எதிரே கொதிக்கும். ஆகவே புதிய கலனில் முதலில் நீராவி ஏற்ற விடமாட்டார்கள். தண்ணீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல இரு மடங்குக்குக் கைப் பம்பால் ஏற்றி, கசிகிறதா, தகடு உப்புகிறதா என்று சங்கத்தின் சோதகர் பார்ப்பார். தண்ணீர் அமுங்காது, கலன் பிளந்தாலும் வெடித்துச் சிதறாது. பிறகே நெருப்பு, பாதுகாப்பு வால்வுச் சோதனை, சான்றிதழ். சான்றிதழ் இல்லாத எஞ்சினுக்குப் பாதையில் இடமில்லை, காப்பீடும் கிடையாது. அரட்டைக்கும் தேநீருக்கும் கூடும் கூட்டமாகத் தெரிந்தாலும், ஒரு சங்கத்தின் முதுகெலும்பு இந்தச் சோதகர்தான்.

இந்தியாவில் 1923 ஆம் ஆண்டின் கொதிகலன் சட்டமும் அதற்குப் பதிலாக 2025 இல் வந்த சட்டமும் ஆலைக் கலன்களுக்கானவை. 25 லிட்டருக்குக் குறைந்த கலன்கள் அவற்றின் பிடியில் வருவதில்லை. ஐந்து அங்குல எஞ்சினின் கலன் சில லிட்டர்தான். அரசு ஆய்வாளர் வரமாட்டார் என்பதைச் சுதந்திரமாக எடுத்துக்கொள்வது முட்டாள்தனம்.

புதுவை வட்டாரமும் தமிழ்நாடும்

வில்லியனூரை அடுத்த அரியூர் நீராவிக்குப் புதிய ஊர் அல்ல. விழுப்புரம்-புதுச்சேரி மீட்டர் கேஜ் பாதை 1879 இல் வில்லியனூர் வழியாகத் திறக்கப்பட்டது. பின்னாளில் அரியூரில் நியூ ஹொரைசன் சர்க்கரை ஆலை வந்தது. கரும்புச் சக்கையை எரித்து நீராவி எடுக்கும் ஆலைகளில் கொதிகலன் ஆட்களுக்கும் ஃபிட்டர்களுக்கும் வேலை ஓயாது. திறமையில் தமிழ்நாட்டுக்கும் குறைவில்லை. ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937 இல் கோவையில் மின் மோட்டார் செய்தார்கள். திருச்சி பொன்மலைப் பணிமனை 2011 முதல் ஊட்டி மலை ரயிலுக்குப் புது நீராவி எஞ்சின்களையே கட்டிக் கொடுத்தது.

இருந்தும் சங்க மரபு இங்கே வளராததற்குக் காரணம் ஆர்வக்குறைவு என்று தோன்றவில்லை. இங்கே லேத் சோறு போடும் கருவி. மணிக்கு இவ்வளவு என்று கூலி பேசும் பட்டறையில் விளையாட்டுக்கு நேரம் ஒதுக்க முதலாளிக்கும் மனம் வராது, டர்னருக்கும் வராது. சொந்தமாக லேத் வாங்கி வீட்டில் வைக்கும் வசதி நடுத்தரக் குடும்பங்களுக்கு வாய்த்ததும் சமீபத்தில்தான். பணம் இருந்த இடத்தில் மோகம் வேறு விதமாக வெளிப்பட்டது: குவாலியர் மன்னரின் ஜெய் விலாஸ் மாளிகையில் சாப்பாட்டு மேசை மேல் ஓடி மதுவும் சுருட்டும் பரிமாறிய வெள்ளி ரயில் இன்றும் காட்சிக்கு இருக்கிறது.

ஏழைக்குக் கிடைத்த நீராவி மாதிரி தகரப் படகு. திருவிழாக் கடைகளில் விற்கும் இதன் உள்ளே சின்னத் திரியோ மெழுகுவர்த்தியோ எரியும். மேலுள்ள தட்டையான கலனில் தண்ணீர் ஆவியாகிக் குழாயிலுள்ள நீரைப் பின்னால் தள்ளும், ஆவி குளிர்ந்ததும் நீர் திரும்ப உள்ளே வரும். வெளியேறும் நீர் ஒரே திசையில் பீறிடுகிறது, உள்ளே வரும் நீரோ எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. அதனால் படகு முன்னேறும். இந்த வகைப் படகுக்கு 1891 இல் காப்புரிமை பெற்றவர் தாமஸ் பியோ என்ற பிரெஞ்சுக்காரர்.

இன்று தொடங்க நினைப்பவருக்குக் கொதிகலனே தேவையில்லை. ஒற்றை உருளை நிலை எஞ்சினைப் பித்தளையிலும் வார்ப்பிரும்பிலும் முடித்து, அழுத்தக் காற்றில் ஓட்டுவது உலகெங்கும் உள்ள வழக்கம். மிகக் குறைந்த அழுத்தத்திலேயே சுற்றிவிடும். அரியூர் நெடுஞ்சாலையோரப் பஞ்சர் கடையின் கம்ப்ரசர் அதற்குத் தாராளம்.