ஆமை ஏற்றிய கப்பல்கள்

கலாபகஸ் தீவுகளில் இறங்கும்போதே வழிகாட்டி கறாராகச் சொல்லிவிட்டார்: எந்தப் பிராணியிடமிருந்தும் இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், தடத்தை விட்டு விலகக் கூடாது. ஒரு வழிகாட்டிக்குப் பதினாறு பயணிகள்தான். கட்டுப்பாடெல்லாம் நமக்குத்தான். அங்குள்ள எஸ்பானியோலா தீவில் நீலக்கால் பூபிப் பறவை ஒன்று தடத்தின் நடுவிலேயே அடைகாத்துக்கொண்டிருந்தது. கூடு என்று ஒன்றும் இல்லை. வெறும் மண், அதைச் சுற்றித் தன் எச்சத்தாலேயே போட்டுக்கொண்ட வெள்ளை வட்டம். எங்களைக் கண்டு அது அசையவே இல்லை. நாங்கள்தான் ஓரமாக ஒதுங்கிப் போனோம்.

இந்த அச்சமின்மைதான் அங்குள்ள ஆமைகளுக்கு வினையாக முடிந்தது. சரக்குக் கப்பல்களில் சமையல் பார்த்தவன் நான்; குளிர்பதன அறை இல்லாமல் அந்தக் காலத்தில் மாலுமிகளுக்கு எப்படிச் சோறு போட்டார்கள் என்பதுதான் என் கவலை. உப்பிட்ட இறைச்சி, கல் போன்ற பிஸ்கட், அவ்வளவுதான். ராட்சத ஆமையோ தீனியும் தண்ணீரும் இல்லாமல் ஏறக்குறைய ஓராண்டு உயிரோடு இருக்கும். கப்பலின் அடித்தளத்தில் போட்டுவைத்து, வேண்டியபோது ஒன்றை அறுத்தால் புத்தம்புது இறைச்சி. தொழில்கண்ணால் பார்த்தால் இதைவிட நல்ல இருப்பு கிடையாது. திமிங்கில வேட்டைக் கப்பல்கள் நூற்றுக்கணக்கில் அள்ளிச் சென்றன. 1835இல் டார்வினைச் சுமந்து வந்த பீகிள் கப்பலிலும் ஆமைக்கறிதான். தின்ற பிறகு ஓடுகளைக் கடலில் வீசிவிட்டார்கள். அறிவியலுக்கும் பசி உண்டு!

ஃப்ளோரியானா தீவுக் கரையில் இன்றும் ஒரு மரப்பீப்பாய் இருக்கிறது. வேட்டைக் கப்பல்காரர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களை இப்படியொரு பீப்பாயில் போட்டுப் போவார்கள். ஊர் திரும்பும் கப்பல் எடுத்துப் போகும். இப்போது பயணிகள் தபால்தலை ஒட்டாத அட்டைகளைப் போட்டுவிட்டு, தங்கள் ஊர்ப்பக்கத்து முகவரி கண்டால் எடுத்து வருகிறார்கள். அந்தத் தீவில்தான் 1820இல் எசெக்ஸ் என்ற திமிங்கில வேட்டைக் கப்பலின் ஆள் ஒருவன் விளையாட்டாக வைத்த நெருப்பு காட்டையே எரித்தது. அடுத்த மாதமே எசெக்ஸைத் திமிங்கிலம் ஒன்று முட்டி மூழ்கடித்தது. படகில் தப்பியவர்கள் கையோடு ஏற்றிக்கொண்டவற்றில் ஆமைகளும் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே ஃப்ளோரியானா ஆமை அற்றுப்போனது. எக்வடோர் இத்தீவுகளைத் தேசியப் பூங்காவாக்கியது 1959இல். அதற்குள் காலம் கடந்திருந்தது. ஆனால் இசபெலா தீவில், ஊல்ஃப் எரிமலைச் சரிவில், ஃப்ளோரியானா வம்சம் கலந்த ஆமைகளை மரபணுச் சோதனை காட்டிக்கொடுத்தது. பாரம் குறைக்க மாலுமிகள் கடலில் தள்ளியவை நீந்திக் கரையேறியிருக்கலாம் என்கிறார்கள். அந்தக் கலப்பினத்தைக் கொண்டுதான் சாண்டா குரூஸ் பண்ணையில் இப்போது குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள்.