ருஷ்யப் பண்ணையடிமைகளின் விடுதலையும் மீட்புப் பணமும்

1861ஆம் ஆண்டில் ருஷ்யாவிலே பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டமை, சார் மன்னன் இரண்டாம் அலெக்சாந்தரின் பெருங்கருணையால் விளைந்ததெனக் கூறுவாருளர். கிரைமிய யுத்தத்தில் அடைந்த தோல்வியே அதற்கு உடனடித் தூண்டுதலாயிற்று. அம்முறை கீழிருந்து ஒழியுமுன் மேலிருந்து ஒழிப்பதே நன்றென, 1856இல் மொஸ்கோப் பிரபுக்கள் முன்னிலையில் மன்னன் மொழிந்ததில் கருணையைவிட அச்சமே மேலோங்கி நிற்கின்றது.

விடுதலை பெற்றவனுக்கு அவனுடல் உரிமையாயிற்று. நிலமோ பெரும்பாலும் விலைக்கே கிடைத்தது. அவ்விலையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினை அரசு கடன்பத்திரங்களாகப் பிரபுக்களுக்கு வழங்கியது. அக்கடனை ஆண்டுதோறும் 6 வீதமாக 49 ஆண்டுகளுக்கு விவசாயிகளிடமிருந்து அறவிடுவதே ஏற்பாடு. பல மாகாணங்களில் இவ்விலை நிலத்தின் சந்தைப் பெறுமதியையே விஞ்சி நின்றது. அதுமட்டுமன்று, வளமிக்க கருமண் பிரதேசங்களில், உழவர் அதுவரை தமக்கெனப் பயிரிட்டு வந்த நிலத்தின் ஒரு பகுதி துண்டிக்கப்பட்டுப் பிரபுக்களிடமே சென்றது.

பணஞ் செலுத்தும் பொறுப்பு 'மிர்' எனப்பட்ட கிராமச் சமுதாயத்தின்மீது கூட்டாகச் சுமத்தப்பட்டது. ஒருவன் செலுத்தத் தவறின் ஏனையோர் அதனை ஈடுசெய்ய வேண்டியிருந்தமையால், கிராமத்தை விட்டு நீங்குவதற்கும் அவர்தம் இசைவு வேண்டப்பட்டது. பிரபுவின் பிடி தளர்ந்தவிடத்து அயலவனின் பிடி இறுகிற்று எனலாம். 1905ஆம் ஆண்டுக் கிளர்ச்சிகள் அரியணையையே உலுக்கிய பின்னர்தான், மீட்புப் பணம் 1907 தொடக்கம் நீக்கப்படுமென அரசு அறிவித்தது.