செல்வாக்கு: ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாறு

ஒரு நாட்டு மக்களின் அரசியல் வரலாற்றை அவர்தம் சட்டங்களிலும் சாசனங்களிலும் காண்பது போலவே, அவர்கள் நாடோறும் வழங்கும் சொற்களிலும் காணலாம். அவ்வாறு ஆராய்தற்குரிய ஆங்கிலச் சொற்களுள் ஒன்று ‘இன்புளுவென்சு’ என்பது. செல்வாக்கு என இதனைத் தமிழில் வழங்குவர். நல்லாசிரியர் மாணவனிடத்து விளைக்கும் மாற்றம், தீய நட்பு இழைக்கும் கேடு, பதவி பெறுதற்கு நாடும் பெரியோர் துணை ஆகிய அனைத்தையும் ஆங்கிலர் இவ்வொரு சொல்லாற் குறிப்பர். மதுமயக்கத்தில் இருப்பவனைச் சுட்டவும் இச்சொல்லே பயன்படும். கண்ணுக்குப் புலனாகாத ஒன்று பிறிதொன்றை இயக்குதல் என்பதே இவற்றுள் ஊடுருவி நிற்கும் பொருளாகும்.

இச்சொல்லின் பிறப்பிடம் அரசவையன்று, வானமே. ‘உட்பாய்தல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியாக இது தோன்றியது. விண்மீன்களிலிருந்து நுண்ணியதொரு பாய்பொருள் மண்ணுலகில் இறங்கி, மாந்தரின் குணத்தையும் ஊழையும் வகுக்கின்றதென இடைக்கால ஐரோப்பியச் சோதிடர் நம்பினர். அப்பாய்ச்சலுக்கு இடப்பட்ட பெயர் பிரெஞ்சு மொழி வாயிலாக 14 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்திற் புகுந்தது. கவிஞர் சோசர் அச்சோதிடப் பொருளிலேயே இதனை ஆண்டுள்ளார். கொள்ளைநோயும் விண்மீன்களின் செயலெனக் கருதப்பட்டமையால், இத்தாலியில் ஒருவகைக் காய்ச்சல் ‘இன்புளுவென்சா’ எனப் பெயர் பெற்றது. 1743 இல் அங்குப் பரவிய நோய்பற்றிய செய்தியோடு அப்பெயரும் இங்கிலாந்தை அடைந்தது. 1933 இல் இலண்டன் ஆய்வாளர் அந்நோய்க்குக் காரணமான வைரசை மனிதரிடமிருந்து பிரித்தெடுத்தனர். விண்மீன்கள் பழியினின்று நீங்கின. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

16 ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இச்சொல் வானிலிருந்து இறங்கி, மனிதர் மனிதர்மீது செலுத்தும் ஆற்றலைக் குறிப்பதாயிற்று. ஒருபொருட் சொற்களென எண்ணப்படுவனவற்றோடு ஒப்பிடின் இதன் தனித்தன்மை விளங்கும். ஆங்கிலத்தில் அதிகாரத்தைக் குறிக்கும் ‘பவர்’ என்பது ஆணையிட்டுப் பணிவிக்கும் வலிமை. ‘ஒத்தோரிற்றி’ என்பது பிறர் ஏற்றுக்கொண்ட மதிப்பால் வருவது. இவ்வேறுபாட்டை உரோமர் நன்கு உணர்ந்திருந்தனர். தன்னோடு பதவி வகித்தோரினும் மிக்க அதிகாரம் தனக்கில்லை என்றும், மதிப்பிலேயே தான் அனைவரையும் விஞ்சியதாகவும் அகஸ்தஸ் பேரரசன் தன் செயல்களைக் கூறும் சாசனத்திற் பொறித்துள்ளான். ‘பிரெஸ்ரீச்’ என்னும் பெருமைச் சொல்லோ, முதலில் கண்கட்டு வித்தையைக் குறித்தது. பதவியும் ஆணையும் இன்றியே காரியத்தை முடிக்கவல்லது செல்வாக்கு. அதன் சிறப்பும் அதுவே. அதனால் விளையும் அச்சமும் அதுவே.

அவ்வச்சம் 18 ஆம் நூற்றாண்டில் பிரித்தானிய அரசியலின் மையத்திற்கு வந்தது. 1688 ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் பாராளுமன்றத்தின் இசைவின்றி மன்னர் ஆள்தல் அரிதாயிற்று. ஆணையால் இயலாததைப் பதவி, உதவிச் சம்பளம், அரசாங்க ஒப்பந்தம் என்பவற்றை உறுப்பினர்க்கு வழங்கி முடித்தனர். முடிக்கும் பாராளுமன்றத்திற்கும் இடையே சமநிலை பேணுதற்கு இஃது ஓரளவு இன்றியமையாதது என 1741 இல் தத்துவ அறிஞர் டேவிட் கியூம் வாதித்தார். ஆயின் அமெரிக்கப் போரின் தோல்விகளும் வரிச்சுமையும் மக்களை வெகுளச் செய்தன. 1780 ஏப்பிரல் 6 ஆம் நாள், முடியின் செல்வாக்கு வளர்ந்துள்ளது, வளர்கின்றது, குறைக்கப்படல் வேண்டும் என்னும் கருத்துடைய தீர்மானத்தை யோன் டன்னிங் பொதுமக்கள் சபையிற் கொணர்ந்தார். அது 215 க்கு எதிராக 233 வாக்குகளால் நிறைவேறியது. 1782 இல் இயற்றப்பட்ட சட்டங்கள் அரசாங்க ஒப்பந்தகாரரைச் சபையினின்று விலக்கின. வரி அறவிடும் உத்தியோகத்தரின் வாக்குரிமையை நீக்கின. பதவிகள் பலவற்றையும் ஒழித்தன.

முடியின் செல்வாக்குக் குறைந்தபோதும் நிலவுடைமையாளரின் செல்வாக்குக் குறைந்திலது. வெளிப்படையாக வாக்களிக்கும் முறை நிலவியமையால், குடியானவன் எவர்க்கு வாக்களித்தான் என்பதை நிலக்கிழார் அறிவார். குத்தகையை இழப்பேனோ என அவன் அஞ்சினான். 1854 ஆம் ஆண்டுச் சட்டம் ‘தகாத செல்வாக்கு’ இன்னதென வரையறுத்துத் தண்டனைக்குரியதாக்கியது. எனினும், 1872 இல் வந்த இரகசிய வாக்குமுறையே அவ்வச்சத்திற்கு உரிய மருந்தாயிற்று. உள்நாட்டில் இங்ஙனம் கட்டுப்படுத்தப்பட்ட சொல், வெளிநாட்டில் வேறு வடிவெடுத்தது. 1907 இல் பிரித்தானியாவும் உருசியாவும் பாரசீகத்தாரைக் கேளாமலே அவர் நாட்டைத் தத்தம் செல்வாக்கு மண்டலங்களாகப் பங்கிட்டு, இடைநிலத்தை மட்டும் நடுநிலையாக விட்டன.

இந்நெடிய வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. விண்மீன்களின் செயலெனக் கொண்டவரை அவ்வாற்றலுக்கு மாந்தர் பணிந்திருந்தனர். மனிதரின் செயலெனக் கண்டபின்னரே அதற்கு எல்லை வகுத்தனர். தமிழ்ச் சொல்லோ தொடக்கத்திலேயே மனிதனைச் சுட்டி நிற்கின்றது. செல்லுகின்ற வாக்கு என விரியும் வினைத்தொகை அது; நாணயம் செல்லுமாறு போல ஒருவன் சொல் ஊரிற் செல்லுதலே செல்வாக்கு. அவ்வாக்கு என்னும் சொல்லே இக்காலத்துத் தேர்தலில் அளிக்கும் உரிமையையும் குறிக்கின்றது. ஒருவனுடைய செல்வாக்கு மற்றொருவனுடைய வாக்கை விழுங்காதவாறு காத்தலே மக்களாட்சி. அக்காவல் தளருமிடத்துச் செல்வாக்குடையார் வாக்கே செல்லும். ஏனையோர் வாக்குச் செல்லாக்காசாகும்.