மலைப்பாம்பு வளர்ப்பில் ஒளி

கூண்டில் வளரும் மலைப்பாம்பு எலியை முழுதாக விழுங்குவதால், வைட்டமின் டி பெரிதும் இரையிலிருந்தே கிடைக்கிறது. ஆயினும் புற ஊதா-பி விளக்கொளி பட்ட பர்மிய மலைப்பாம்புகளின் குருதியில் அந்தச் சத்து கூடியதை 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. பந்து மலைப்பாம்புகளிடம் 2013 ஆய்வில் அத்தகைய உயர்வு தென்படவில்லை. சாதாரணக் கண்ணாடி புற ஊதா-பி கதிரைத் தடுத்துவிடும். சன்னலோர வெயில் கூண்டைக் கொதிக்கவைக்குமே தவிர, விளக்குக்கு ஈடாகாது.

பாம்புக்கு இமை கிடையாது. கண்ணைப் போர்த்தியிருப்பது ஒளிபுகும் செதில். ஆகவே பகலில் ஒளிந்துகொள்ள மறைவிடமும் இரவில் முழு இருட்டும் கட்டாயம் வேண்டும். வெப்ப விளக்கைச் சுற்றிக்கொண்ட பாம்பு, வயிற்றுச் செதில் வெந்தபின்னும் விலகாமல் கிடப்பதுண்டு. விளக்குக்குக் கம்பிவலை போடாமல் விடுவது மன்னிக்க முடியாத அலட்சியம்.