ஃபோர் ட்வென்ட்டி

“அவன்கிட்டயா காசு குடுத்தே? அவன் சரியான ஃபோர் ட்வென்ட்டி ஆச்சே!” பள்ளிக்கூடப் பக்கமே போகாத பாட்டிமார்கூட இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நானூற்று இருபது என்று தமிழில் திட்டுவாரில்லை. இங்கிலீஷில் சொன்னால்தான் அந்த வசவுக்குக் காரம்.

ஏமாற்றுவதற்கு நம்மிடம் சொற்பஞ்சமே கிடையாது. அல்வா கொடுப்பார்கள், நாமம் போடுவார்கள், காதில் பூச்சுற்றுவார்கள். இத்தனைக்கும் நடுவே ஒரு எண் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

வந்த இடம் சட்டப் புத்தகம். மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837-ல் வரைவைக் கொடுத்தது. அது இருபது வருஷத்துக்கு மேல் தூங்கி எழுந்து, 1860-ல் இந்தியத் தண்டனைச் சட்டமாகி, 1862 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. செய்தித்தாள்கள் இ.பி.கோ. என்று போடுமே, அதுதான். அதில் 417-வது பிரிவின்படி வெறும் மோசடிக்கு ஓராண்டு வரை சிறை. 420 என்றால் ஏழாண்டு வரை, கூடவே அபராதம்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? 420-ல் மாட்டுகிறவன் பொருளைப் பிடுங்குவதில்லை. ஏமாந்தவரே தன் கையால் எடுத்து நீட்டும்படி செய்துவிடுகிறான். கவனித்துப் பாருங்கள், பிக்பாக்கெட்காரனை யாரும் ஃபோர் ட்வென்ட்டி என்பதில்லை. வழிப்பறிக்காரனையும் சொல்வதில்லை. தேனொழுகப் பேசி, நம்மையே பீரோவைத் திறக்க வைப்பவனுக்குத்தான் அந்தப் பட்டம். சட்டம் படிக்காத ஜனங்கள் சட்டத்தின் நுணுக்கத்தை எப்படிப் பிடித்தார்கள் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

மோசடி என்றால் என்ன என்று சொல்லும் 415-வது பிரிவின் கீழே குட்டிக் கதைகளே இருக்கின்றன. ‘ஏ’ என்பவன் தன்னை சர்க்கார் உத்தியோகஸ்தன் என்று சொல்லி ‘இசட்’டிடம் கடனுக்குச் சரக்கு வாங்குகிறான், பணம் தரும் உத்தேசம் அவனுக்கு இல்லை. இன்னொரு ‘ஏ’, வைரமல்லாததை வைரமென்று அடகு வைத்துக் கடன் வாங்குகிறான். பெயரை மாற்றினால் இன்றைய பேப்பரில் அப்படியே போடலாம்: போலி அதிகாரி கைது.

வடக்கே இதையே ‘சார் சௌ பீஸ்’ என்பார்கள். ராஜ் கபூர் 1955-ல் ‘ஸ்ரீ 420’ எடுத்தார். நம்ம ‘அவ்வை சண்முகி’ இந்திக்குப் போனபோது 1997-ல் ‘சாச்சி 420’ ஆனாள். வேடிக்கை என்னவென்றால், நைஜீரியாவில் மோசடிக்காரனுக்குப் பெயர் 419. அந்த ஊர்ச் சட்டத்தின் பிரிவு எண். இரண்டு சட்டங்களும் வேறு வேறு வழியில் வந்தவை. எண்கள் பக்கத்து வீட்டில் அமைந்தது தற்செயல்.

2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் இ.பி.கோ. போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் மொத்தமே 358 பிரிவுகள். 420 என்ற எண்ணுக்கே இடமில்லை. நம் ஆசாமி இப்போது 318-வது பிரிவின் நான்காம் உட்பிரிவில் குடியிருக்கிறான். அதைச் சொல்லி யாரையாவது திட்டிப் பாருங்கள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் நம்மவர்களுக்கு இந்தக் கஷ்டமில்லை. இ.பி.கோ.வைப் பார்த்து எழுதிய அங்குள்ள சட்டங்களில் மோசடிக்கு இன்றும் 420-தான். சிறை மட்டும் பத்தாண்டு வரை.