புல்தரையில் உருண்டு வந்த தங்கம்

2022 ஆகஸ்ட் 2-ம் தேதி இந்தியாவில் பல பேர் கூகுளில் ஒரே கேள்வியைத் தட்டிக் கொண்டிருந்தார்கள். "லான் பவுல்ஸ் என்றால் என்ன?" காரணம், அன்று பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் நான்கு இந்தியப் பெண்கள் அந்த விளையாட்டில் தங்கம் வாங்கிவிட்டார்கள். ஜெயித்த பிறகுதான் அது என்ன விளையாட்டு என்றே நாடு தேட ஆரம்பித்தது!

முதலில் விளையாட்டைப் பார்த்துவிடுவோம். கோலி ஆடியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். நன்றாக வெட்டிச் சமப்படுத்திய புல்தரை, நீளம் 31 முதல் 40 மீட்டர் வரை. ஒரு கோடியிலிருந்து 'ஜாக்' என்ற சின்னப் பந்தை உருட்டி விடுவார்கள். அடுத்து இரண்டு அணியும் மாறி மாறிப் பெரிய பந்துகளை உருட்டும். ஜாக்குக்கு யார் பந்து நெருக்கமோ அவர்களுக்குப் புள்ளி. எதிரணியின் நெருக்கமான பந்தைவிட எத்தனை பந்துகள் கிட்டே இருக்கின்றனவோ அத்தனை புள்ளிகள்.

இவ்வளவுதானா என்று நினைத்துவிடக் கூடாது. அந்தப் பெரிய பந்து முழு உருண்டை கிடையாது. ஒரு பக்க வடிவம் வேறு மாதிரி இருக்கும். அதனால் நேராக விட்டாலும் வேகம் குறையக் குறைய வளைந்துகொண்டே போகும். ஒன்றரைக் கிலோ எடை வரை இருக்கும் அந்தப் பந்து எங்கே வளைய ஆரம்பிக்கும், எங்கே நிற்கும் என்று 25, 30 மீட்டர் தள்ளி நின்று கணக்குப் போட வேண்டும். புல்லின் ஈரம், காற்று, வெயில் எல்லாம் கணக்கை மாற்றும். உடல் பலத்தைவிடக் கை அளவும் பொறுமையும்தான் இதில் முக்கியம்.

காமன்வெல்த் போட்டிகளுக்கும் இதற்கும் பழைய சொந்தம். 1930-ல் கனடாவின் ஹாமில்டன் நகரில் நடந்த முதல் போட்டியிலேயே லான் பவுல்ஸ் இருந்தது. 1966 கிங்ஸ்டன் போட்டியைத் தவிர எல்லாவற்றிலும் இருந்திருக்கிறது. ஆனால் இந்தியா முதன்முதலாக இதில் கலந்துகொண்டது 2010-ல்தான். டெல்லியில் நாமே போட்டியை நடத்தினோம். அப்படியானால் புல்தரை போட வேண்டும், அணியும் இறக்க வேண்டும். இந்தியாவின் லான் பவுல்ஸ் கதை இந்தக் கட்டாயத்தில்தான் வளர்ந்தது.

உண்மையில் அதற்குக் கொஞ்சம் முன்பே விதை விழுந்துவிட்டது. 2007-ல் குவாஹாத்தியில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில் லான் பவுல்ஸ் சேர்க்கப்பட்டது. அடுத்த தேசியப் போட்டியை நடத்தும் வாய்ப்பு ஜார்க்கண்டுக்குக் கிடைத்தது. பல முறை தள்ளிப்போய் 2011-ல் நடந்த அந்தப் போட்டிக்காக ராஞ்சி பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் லான் பவுல்ஸ் மைதானம் வந்தது. ஆக அசாம், ஜார்க்கண்ட், டெல்லி என்று மூன்று இடங்கள். இந்த மூன்று பெயர்களையும் ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.

இப்போது அந்த நான்கு பேரைப் பார்ப்போம்.

லவ்லி சௌபே. ராஞ்சிக்காரர், ஜார்க்கண்ட் போலீசில் கான்ஸ்டபிள். முதலில் ஓட்டமும் நீளம் தாண்டுதலும்தான் அவருடைய விளையாட்டு. காயம் வந்து தடகளத்தை விட வேண்டியதாயிற்று. மதுகாந்த் பதக் என்ற கிரிக்கெட் நடுவர் மூலமாக லான் பவுல்ஸ் பக்கம் வந்தார்.

நயன்மோனி சைகியா. அசாமின் கோலாகாட் மாவட்டத்து விவசாயக் குடும்பம். பளு தூக்கும் வீராங்கனையாக இருந்தவர். காலில் காயம்பட்டதால் 2008-ல் இந்த விளையாட்டுக்கு மாறினார்.

பிங்கி. டெல்லியில் ஆர்.கே.புரம் டெல்லி பப்ளிக் ஸ்கூலில் விளையாட்டு ஆசிரியை. கிரிக்கெட் ஆடியவர். 2010 காமன்வெல்த் போட்டிக்காக அவர் வேலை பார்த்த பள்ளியிலேயே லான் பவுல்ஸ் பயிற்சிக்கு இடம் ஒதுக்கினார்கள். வாசலுக்கே வந்த விளையாட்டை அவர் பிடித்துக் கொண்டார்.

ரூபா ராணி டிர்க்கி. இவரும் ராஞ்சி. கபடி ஆடியவர், பிறகு ஜார்க்கண்ட் விளையாட்டுத் துறையில் வேலை. அணியின் 'ஸ்கிப்', அதாவது கேப்டன் மாதிரி. கடைசியாகப் பந்து விடுவதும் அவரே.

கவனித்தீர்களா? ஜார்க்கண்டிலிருந்து இரண்டு பேர், அசாமிலிருந்து ஒருவர், டெல்லியிலிருந்து ஒருவர். புல்தரை எங்கே இருந்ததோ அங்கிருந்துதான் ஆட்கள் வந்திருக்கிறார்கள். நான்கு பேருமே வேறு விளையாட்டிலிருந்து வந்தவர்கள். 2022-ல் நால்வருமே 30 வயதைத் தாண்டியிருந்தார்கள். வேறு எந்த விளையாட்டிலும் "இனிமேல் கோச்சிங் கொடுக்கப் போகலாமே" என்று சொல்லியிருப்பார்கள்!

பாதை ஒன்றும் சுலபமாக இருக்கவில்லை. 2010 டெல்லி, 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் என்று மூன்று காமன்வெல்த் போட்டிகள் பதக்கம் இல்லாமலே போயின. பன்னிரண்டு வருஷம்! வேலைக்கும் போய்க்கொண்டு, யாருக்கும் தெரியாத ஒரு விளையாட்டை, கைதட்டக்கூட ஆள் இல்லாமல் விளையாடிக் கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

2022-லும் ஆரம்பம் சரியில்லை. முதல் ஆட்டத்திலேயே இங்கிலாந்திடம் தோல்வி. பிறகு சுதாரித்துக் கொண்டு காலிறுதிக்கு வந்தார்கள். அங்கே எதிரணி நார்ஃபோக் தீவு. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே இருக்கும் அந்தத் தீவில் மொத்த ஜனத்தொகையே இரண்டாயிரம் சொச்சம்தான். நம் ஊரில் ஒரு பெரிய கல்யாணத்துக்கு வருகிற கூட்டம்! இந்தியா 19-9 என்று ஜெயித்தது. ஆனால் சிரித்துவிடாதீர்கள். அந்தக் குட்டித் தீவு 1994-லும் 2018-லும் லான் பவுல்ஸில் வெண்கலம் வாங்கியிருக்கிறது. 140 கோடி பேர் இருக்கும் நாட்டுக்கு அதுவரை ஒரு பதக்கம்கூட இல்லை. அந்தத் தீவில் புல்தரை இருந்தது, ஆடுகிற பழக்கம் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அரையிறுதியில் நியூசிலாந்து. இந்த விளையாட்டில் பழம் தின்று கொட்டை போட்ட நாடு. ஆரம்பத்திலேயே இந்தியா 0-5 என்று பின்தங்கியது. அப்புறம் மெல்ல மெல்லப் பிடித்து, கடைசிக் கட்டத்திலும் 12-13 என்று ஒரு புள்ளி குறைவாக இருந்த நிலையில், ரூபா ராணி கடைசியாக விட்ட பந்து ஆட்டத்தைத் திருப்பிப் போட்டது. 16-13!

இறுதியில் தென்னாப்பிரிக்கா. இந்தியா 8-2 என்று முன்னே போனது. தென்னாப்பிரிக்கா விடாமல் துரத்திச் சமன் செய்தது. அந்த இடத்தில் பதறாமல் ஆடியதுதான் நால்வரின் பெருமை. கடைசிச் சுற்றுகளைக் கைப்பற்றி 17-10 என்று முடித்தார்கள். லான் பவுல்ஸில் இந்தியாவின் முதல் பதக்கம், அதுவும் தங்கம். நான்கு நாள் கழித்து ஆண்கள் அணியும் வெள்ளி வாங்கியது. வட அயர்லாந்திடம் இறுதியில் தோற்ற அந்த அணியிலும் ஜார்க்கண்டின் சுனில் பகதூரும் டெல்லியின் நவ்நீத் சிங்கும் இருந்தார்கள். அதே வரைபடம்தான்!

பிறகு அங்கீகாரமும் வந்தது. நயன்மோனிக்கு 2022-க்கான அர்ஜுனா விருது, பிங்கிக்கு 2023-க்கான அர்ஜுனா விருது.

பெரிய போட்டிகள் முடிந்ததும் மைதானங்களைப் பற்றி ஒரு பேச்சு கிளம்பும். இத்தனை கோடி கொட்டிக் கட்டினார்களே, இப்போது புல் முளைத்துக் கிடக்கிறதே என்பார்கள். பல இடங்களில் அது நியாயமான பேச்சுதான். கணக்குப் புத்தகத்தில் வருஷா வருஷம் தேய்மானம் எழுதுவதைத் தவிர அந்தச் சொத்துகளால் ஒரு பயனும் இருக்காது. ஆனால் லான் பவுல்ஸ் கணக்கு வேறு மாதிரி முடிந்திருக்கிறது. மற்ற விளையாட்டுகள் 'போதும்' என்று அனுப்பிவிட்ட நான்கு பேர், யாரும் சீந்தாத ஒரு புல்தரையை விடாமல் பயன்படுத்தினார்கள். 2007-ல் போட்ட விதைக்கு 2022-ல் அறுவடை. பதினைந்து வருஷ முதலீடு!

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். 2026 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்கு வெறும் 10 விளையாட்டுகளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஹாக்கி, பேட்மிண்டன், மல்யுத்தம், கிரிக்கெட் எல்லாம் பட்டியலிலிருந்து போய்விட்டன. லான் பவுல்ஸ் மட்டும் தப்பித்துக் கொண்டது. 2030 போட்டியை நடத்தும் வாய்ப்பு அகமதாபாத்துக்குக் கிடைத்திருக்கிறது. நம்மை நம்ப வைத்து வந்த விளையாட்டுகள் கைவிடும்போது, பெயர்கூடத் தெரியாத ஒன்று கைகொடுக்கலாம்.

மூன்று ஊரில் புல்தரை போட்டதற்கே ஒரு தங்கமும் ஒரு வெள்ளியும் வந்தன. முப்பது ஊரில் போட்டால்? திறமை எல்லா ஊரிலும் இருக்கிறது. புல்தரைதான் இல்லை.